கவிதைப் போட்டியை நிறுத்துங்கள், வாசிப்பு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 8 நெருங்கினால் கல்லூரி, பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் ஒரே அச்சில் வார்த்தது போலச் சுற்றறிக்கை ஏறும். கோலப் போட்டி, மெகந்திப் போட்டி, அடுப்பில்லாச் சமையல் போட்டி, கூடவே பெண்மையைப் போற்றும் ஏதாவது ஒரு தலைப்பில் கவிதைப் போட்டி. முதல் மூன்றோடு எங்களுக்குப் பெரிய வழக்கு எதுவுமில்லை. நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வளாகத்தில் பெண்கள் செய்யும் வேலையைக் கவிதையால் சிறப்பிக்க முடியும். அதற்குப் போட்டி உதவாது. கூடி உட்கார்ந்து வாசிப்பதே உதவும். அதை எப்படி நடத்துவது, எங்கே சொதப்பும் என்பதை விவரமாக எழுதினால் அடுத்த மார்ச்சுக்குத் திட்டமிடுகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

போட்டி ஏன் தோற்கிறது என்றால், அரைமணி நேரத்தில் 24 வரி எழுது என்று தாளைக் கொடுத்தவுடன் மாணவி நடுவருக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுகிறாள். பெண்ணே நீ பூ, நீ புயல், நீ பூமி. மோனை கச்சிதமாக விழும். அறுபது தாளில் ஐம்பது இப்படித்தான் வரும். அவற்றில் எந்தப் பெண்ணும் இருக்க மாட்டாள். அதே கட்டடத்தில் காலை ஆறு மணிக்கு வந்து கழிப்பறை கழுவியவர், விடுதியில் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்தவர், ஆய்வகத்தில் பியூரெட்டைக் கழுவி அடுக்கியவர், நூலகத்தில் முப்பது வருடமாகப் புத்தகத்துக்கு முதுகு ஒட்டுகிறவர் யாரும் அந்தத் தாளுக்குள் வருவதில்லை. பரிசு மூன்று பேருக்கு. மீதிப் பேர் முடிவு அறிவித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்த நாள் வேலை செய்யும் பெண்களின் நாளாகத்தான் பிறந்தது என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செட்கின் முன்வைத்த யோசனை அது. மறுவருடம் மார்ச் 19இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் முதலில் கொண்டாடினார்கள். 1917இல் ரஷ்யாவின் பெட்ரோகிராடு நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த நாள் மார்ச் 8. அதனால் தேதி அதிலேயே நிலைத்தது. ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடத் தொடங்கியது 1975இல்தான். வாக்கும் கூலியும் வேலைநேரமும் கேட்டு வந்த நாளில் பூவும் புயலும் மட்டும் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, வாசிப்புக்கு என்ன வேண்டும்? மூன்று பங்கு: பழைய பாட்டு, புதிதாக எழுதியது, வாய்ப்பாட்டு.

பழைய பாட்டுக்கு நாம் வெளியே அலைய வேண்டியதில்லை. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களிடையே கணக்கு வேறுபடும். சில பெயர்கள் ஆணா பெண்ணா என்பதே வழக்கு. ஆனால் முப்பதை ஒட்டியோ அதற்கு மேலோதான் பெரும்பாலும் கணக்குச் சொல்கிறார்கள். எட்டுப் பாட்டு எடுத்தால் போதும். எங்கள் பரிந்துரை இது: புறநானூற்றில் ஔவையாரின் 95, 187, பாரிமகளிரின் 112, காவற்பெண்டின் 86, வெண்ணிக்குயத்தியாரின் 66. குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் 27, ஆதிமந்தியாரின் 31, காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 210. எட்டும் சேர்ந்து 49 அடிதான். எதுவும் ஒன்பது அடியைத் தாண்டாது.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதலில் சீர் கெடாமல், ஓசையோடு. இரண்டாவது, பதம் பிரித்து, நிறுத்தி நிதானமாக. அதன்பின் இரண்டு நிமிடம், யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும். இலக்கணக் குறிப்பு, துறை விளக்கம் எல்லாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வெண்ணிக்குயத்தியாரின் பாட்டையே பாருங்கள். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்த, தோற்ற சேரன் 'நின்னினும் நல்லன் அன்றே' (உன்னைவிட நல்லவன் அல்லவா) என்று கேட்கிறார். கேட்கிறவர் பெயரிலேயே குயவர் குலத்துப் பெண் என்று இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு வாசித்தால் கடைசி வரிசை மாணவனும் கைப்பேசியைக் கீழே வைப்பான்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. சங்க ஔவையாரையும் ஆத்திசூடி எழுதிய பிற்கால ஔவையாரையும் ஒருவராக்கிவிடுவார்கள். பேனரில் கைத்தடியும் விபூதியுமாகக் கிழவி படம் போட்டு, கீழே புறநானூற்று அடியை அச்சடிப்பார்கள். இரண்டாவது, வெள்ளிவீதியாரின் 27ஆம் பாட்டில் பெண்ணின் இடைக்குக் கீழ்ப்பகுதியைக் குறிக்கும் 'அல்குல்' என்ற சொல் வந்ததும் அரங்கில் கிசுகிசுப்பு எழும் என்று பயந்து, பாட்டையே விட்டுவிடுவார்கள். விட வேண்டாம். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் வழியும் பசும்பால் என்ற உவமையை முன்பே விளக்கிவிட்டால், சொல் வரும்போது அவர்கள் கவனம் பாலில் இருக்கும். மூன்றாவது, கணவனை இழந்த அரசி தீப்புகும்போது பாடிய புறநானூறு 246 போன்ற பாட்டை 'கற்பின் பெருமை' என்று தலைப்பிட்டு வாசித்துவிடுவது. அந்தப் பாட்டில் கைம்பெண் நோன்பின் கொடுமை அடியடியாக இருக்கிறது: நெய் தொடாத சோறு, வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. அதைப் பேச நேரமும் பேசத் தெரிந்த ஆளும் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் அதை வகுப்பறைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆறாம் பத்துப் பாடிய நச்செள்ளையாருக்குச் சேரமன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப்பொன்னும் (கா என்பது எடை அளவு) நூறாயிரம் காணமும் (பொற்காசு) கொடுத்ததாகப் பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்கிறது. நாம் கொடுப்பது பாலியஸ்டர் பொன்னாடை. அதுவும் கவிஞருக்கு இல்லை, தலைமை விருந்தினருக்கு.

புதிதாக எழுதுவதற்குத்தான் உழைப்பு அதிகம். ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதாவது ஜனவரிக் கடைசியில். உள்மதிப்பீட்டுத் தேர்வு குறுக்கே வரும் என்பதால் அதற்குக் கீழே போனால் ஒப்பேற்ற முடியாது. பன்னிரண்டு மாணவ மாணவியர், பன்னிரண்டு பெண்கள். வேலை வகையில் கலப்பு இருக்கட்டும்: தூய்மைப் பணியாளர், மெஸ் அக்கா, ஆய்வக உதவியாளர், அலுவலகக் கண்காணிப்பாளர், காவலர், தோட்டக்காரர், பேராசிரியர், முனைவர் பட்டத்துக்காகக் கைக்குழந்தையோடு அலையும் ஆய்வு மாணவி. ஓய்வு பெற்றவர்களில் ஓரிருவர் வேண்டுமானால் பழைய கல்லூரி மலர்களைப் புரட்டுங்கள். குழுப் படங்களின் அடியில் பெயர் இருக்கும். ஆண்களின் பெயர் முழுதாகவும் கடைநிலைப் பணியாளர் பெண்களின் பெயர் 'மற்றும் பலர்' என்றும் இருப்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசினால் போதும். கேள்வியில்தான் சூட்சுமம். 'உங்கள் வாழ்க்கையில் சந்தித்த சவால்கள் என்ன?' என்று கேட்டால் தொலைக்காட்சிப் பேட்டிப் பதில்தான் வரும். 'அக்கா, காலையில வந்ததும் முதல்ல எந்தக் கதவத் திறப்பீங்க?', 'எந்த மாடி ஏறத்தான் முட்டி வலிக்கும்?', 'இந்தத் துடைப்பம் எத்தனை நாள் வரும்?' என்று கேட்டால் கை, கால், கருவி, நேரம் எல்லாம் வந்து விழும். ஆயா என்று கூப்பிடாதீர்கள். பலருக்கு அது பிடிக்காது, சொல்லத்தான் மாட்டார்கள். வேலை செய்யும் இடத்திலேயே பேசுவது நல்லது. ஆனால் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் எழுதுவது. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரி. வினைச்சொல்லும் பொருளும் தூக்கி நிறுத்தட்டும். பெருமைச் சொல் ஒன்றுகூட வேண்டாம் என்று விதி வைத்துவிடுங்கள். தாய், தெய்வம், தியாகம், சக்தி, சிகரம் ஆகிய ஐந்தையும் தடை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மாதிரிக்கு ஐந்து வரி:

ஐந்தரைக்கு முதல் ஈடு இறங்குகிறது.
இட்லித் துணியில் தண்ணீர் தெளித்துக்
கவிழ்க்கிறவளின் மணிக்கட்டில்
வளையல் நிற்க வேண்டிய இடத்தில்
ஆவி சுட்ட தழும்பு.

பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சமையலறைக்குள் ஒருமுறை போகாமல் இதை எழுத முடியாது.

எழுதியதை முதலில் கேட்க வேண்டியவர் அந்தப் பெண்மணிதான். துறைத்தலைவர் அதற்கப்புறம் கேட்டால் போதும். தனியாக உட்கார்ந்து வாசித்துக் காட்டி மூன்று விஷயம் கேட்க வேண்டும். பெயர் வரலாமா? எந்த வரியை எடுக்க வேண்டும்? படமோ காணொளியோ எடுக்கலாமா? இது சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். கூலி பாக்கி, விடுப்பு கிடைக்காதது, கையுறை தராதது என்று கவிதையில் ஒரு வரி வந்து, அதை ஒப்பந்ததாரரின் ஆள் கேட்டால், மறுநாள் வேலை போவது மாணவிக்கில்லை. பெயர் வேண்டாம் என்றால் வேலையின் பெயராலேயே எழுதுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அந்தக் கவிதையை விட்டுவிட வேண்டியதுதான், பதினொன்று போதும். காணொளிக்குச் சம்மதம் வாங்கும்போது அது இன்ஸ்டாகிராமுக்குப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'படம் எடுக்கலாமா' என்றால் அவர்கள் நினைப்பது வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தை.

மூன்றாவது பங்கு வாய்ப்பாட்டு. எழுதப் படிக்காதவர்களிடமும் தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி இருக்கும். பத்து நிமிடம் அவர்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து பாடினால் கூச்சம் போகும். நடவுப்பாட்டுக்கும் கும்மிக்கும் பின்பாட்டு வேண்டும் என்பதால் அதுவே முறையும்கூட. ஒப்பாரி தெரிந்தவர்களை மட்டும் மேடையில் பாடச் சொல்லி நெருக்காதீர்கள். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அவர்களைப் 'பாடிக் காட்டுங்க' என்று கேட்பதே அவர்களைச் சங்கடப்படுத்தும்.

நேரக் கணக்கு இப்படி வரும். மொத்தம் 90 நிமிடம். சங்கப் பாட்டு எட்டு, ஒன்றுக்கு நான்கு நிமிடம், ஆக 32. புதுக்கவிதை பன்னிரண்டு, அறிமுகத்தோடு ஒன்றுக்கு மூன்று நிமிடம், ஆக 36. வாய்ப்பாட்டு 10. இருபது பேர் எழுந்து வந்து மைக்கைப் பிடித்துத் திரும்பிப் போக ஆளுக்கு அரை நிமிடம், ஆக 10. கூட்டினால் 88. வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் சேர்த்து மிஞ்சுவது இரண்டு நிமிடம். அது போதும். தலைமை விருந்தினர் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அவர் முக்கால் மணி தாமதமாக வந்து, குத்துவிளக்கேற்றி, அரைமணி பேசினால் கழிக்கப்படுவது கவிதைதான். எந்த நிகழ்ச்சியிலும் பேச்சைக் குறைத்ததாகச் சரித்திரமில்லை.

அரங்கத்தில் சோபாவை எடுத்துவிடுங்கள். நாற்காலிகளை 'ப' வடிவில் மூன்று வரிசையாகப் போட்டால் எண்பது பேர் உட்காரலாம். உள்வரிசை கவிதைக்குரிய பெண்களுக்கு. வரிசை போடாமல் விட்டால் அவர்கள் கதவோரம் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள், எத்தனை முறை அழைத்தாலும். மைக் ஸ்டாண்டு எப்போதும் உயரமான ஆணுக்கு ஏற்றபடியே நிற்கும். கையில் பிடிக்கும் மைக் நல்லது. வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடிக்க ஒருநாள் பழக்க வேண்டும். ஒலிபெருக்கி வாசிப்பவருக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் இருந்தால் அவர் வாயைத் திறந்ததும் கீச்சென்று கத்தும். புதிதாக மேடை ஏறியவர் அந்த ஒரு சத்தத்தில் நடுங்கிப்போவார். கைப்பேசியைப் பார்த்து வாசிக்க விடாதீர்கள். நாலாவது வரியில் திரை மங்கும், ஆறாவது வரியில் அம்மா அழைப்பார். 16 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளில் அச்செடுத்துக் கொடுங்கள்.

ஃபிளெக்ஸ் பேனருக்குப் போகும் காசில் ஒரு சிறு நூல் போடலாம். நான்கில் பெருகும் பக்கம்தான் அச்சுக்கு ஒத்துவரும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள். 150 படிக்கு 1,200 தாள்; வீணாவதையும் சேர்த்து மூன்று ரீம் வாங்கினால் சரியாக இருக்கும். அட்டைக்குக் கனமான தாள் 150 தனி. நடுவில் பின் அடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கலாம். பக்கத்தை 60, 70 என்று கூட்டிக்கொண்டே போனால் மடிப்பில் உள்தாள்கள் வெளியே பிதுங்கும்; அப்புறம் வெட்டுமிஷினுக்குப் போக வேண்டும். பெரிய ஆபத்து எழுத்துருவில் இருக்கிறது. மாணவர்கள் கைப்பேசியில் யூனிகோடில் தட்டுவார்கள். டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறி இருந்த இடத்தில் வேறெழுத்து முளைக்கும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக நீங்களே செய்து கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. மெய்ப்பு இருவராகப் பாருங்கள்: ஒருவர் கைப்படியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சைப் பார்க்க. ஒற்றுப்பிழைகூடத் தப்பினால் தப்பட்டும். ஒருவரின் பெயர் தப்பக் கூடாது.

சிறு நூல் என்று அலட்சியம் வேண்டாம். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட பெண்கவிதைத் தொகுப்பும் அளவில் சிறியதுதான். அதில் எழுதியவர்களில் ஒருவரான சிவரமணி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்; 1991இல் தன் கவிதைகளில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தொகுப்பில் அச்சேறியவை எரியாமல் நின்றன. ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், இன்னொன்றை மாவட்ட மைய நூலகத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தத் தொழிலாளர் விஷயம். இதில்தான் நல்ல எண்ணங்கள் கவிழும். நிகழ்ச்சியைப் பதினொரு மணிக்கு வைத்தால் அது கழிப்பறை இரண்டாம் சுற்றுக் கழுவும் நேரம். இரண்டரைக்கு வைத்தால் அவர்கள் வேலை முடிந்து பேருந்தைப் பிடிக்கும் நேரம். வேலை நேரத்துக்குள்ளேயே வைத்து, அன்று அரங்கில் இருக்கும் இரண்டு மணி நேரமும் பணிநேரமாகவே கணக்கிடப்படும் என்று பதிவாளர் அல்லது முதல்வர் கையெழுத்தில் ஒப்பந்ததாரருக்குக் கடிதம் போக வேண்டும். வாய்மொழி உத்தரவு மேற்பார்வையாளரின் வருகைப் பதிவேட்டுக்குள் ஏறாது. அரைநாள் வெட்டு விழும். மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் முன்னாலோ பின்னாலோ வேலைநாளுக்கு மாற்றுங்கள். பாராட்டுவதற்காக ஒருவரின் வாரவிடுப்பைப் பறிக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் முடிந்தபின் மேடையில் நிற்க வைத்து ஆளுக்கொரு புடவை கொடுத்துப் படமெடுக்கும் வழக்கமும் வேண்டாம். புடவை கொடுப்பதென்றால் தீபாவளிக்கு முன் போனசோடு கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். மகளிர் நாளில் அவர்கள் கையில் தர வேண்டியது அவர்களைப் பற்றிய கவிதை அச்சான அந்த 32 பக்கம், ஆளுக்கு மூன்று படி. வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, பிறந்த வீட்டுக்கு ஒன்று.

கடைசியாகத் தேநீர். நூறு பேர் குடித்தால் நூறு காகிதக் கோப்பை, நூறு பிஸ்கட் உறை, கீழே சிந்தியது தனி. கூட்டம் கலைந்ததும் அரங்கத்தைக் கூட்ட வருகிறவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை அவரைப் பற்றித்தான் கவிதை வாசித்திருப்பார்கள். எனவே இரண்டு பெரிய குப்பைத்தொட்டி, நான்கு துடைப்பம், இரண்டு மாப்பு, பத்து ஆண் மாணவர்கள். இருபது நிமிட வேலை. அந்தப் பத்துப் பெயரையும் சுற்றறிக்கையிலேயே அச்சிட்டுவிடுங்கள். வாயால் சொன்னால் தேநீர் முடிந்ததும் ஒருவரும் அகப்பட மாட்டார்கள்.

இப்படிக்கு,
கல்லூரித் தமிழாசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.